அண்ணன் செத்த அன்றே காது ஜோக்: அறிவியல் புனைவுத் தொடர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க விண்கப்பல் தொடரான ஸ்டார் ட்ரெக்கின் முதல் சீசன் 1967 ஏப்ரலில் முடிந்தது. கடைசி எபிசோடில் கேப்டன் கிர்க்கின் அண்ணன் சாம், ஒட்டுண்ணி உயிர்கள் தாக்கிச் செத்துக் கிடக்கிறார். அண்ணியும் கிர்க்கின் கண்ணெதிரிலேயே வலியில் துடித்து உயிரை விடுகிறார். ஒருவழியாகப் பிரச்சினை தீர்கிறது; வல்கன் என்ற வேற்றுக்கிரக இனத்தைச் சேர்ந்த ஸ்பாக்குக்கு இடையில் போன பார்வையும் திரும்பிவிடுகிறது. கடைசிக் காட்சியில் டாக்டர் மெக்காய் கிர்க்கிடம் குனிந்து, ஸ்பாக்தான் கப்பற்படையிலேயே சிறந்த முதல் அதிகாரி என்று நான் சொன்னதை அவரிடம் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள் என்கிறார். தள்ளி நிற்கும் ஸ்பாக் அங்கிருந்தே நன்றி சொல்கிறார். வல்கன் கண்ணைப் பற்றியே கவலைப்பட்டு வல்கன் காதை மறந்துவிட்டீரே என்று கிர்க் கிண்டலடிக்க, எபிசோட் முடிந்துவிடுகிறது. அண்ணன் பேச்சே இல்லை.

ஜோக்கில் குறையில்லை. சொல்கிற ஆளும் சொல்கிற நேரமும்தான் தப்பு. அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை, எந்த வரிசையில் ஒளிபரப்பினாலும் புரிந்தாக வேண்டும். அதனால் 50 நிமிடத்தில் என்ன நடந்திருந்தாலும் கடைசி நிமிடத்தில் எல்லோரையும் சிரிக்க வைத்து, கப்பலைப் பழைய நிலையில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். இன்று தொடர்கதையாக எழுதுகிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு சாவுக்குப் பிறகு வரும் முதல் ஜோக் யார் வாயிலிருந்து வருகிறது என்று திரைக்கதையில் தேடிப் பாருங்கள். இழப்பு அதிகமாக யாருக்கோ, அவரே எதுவும் நடக்காததுபோலச் சிரித்தால் பார்ப்பவர் அந்தச் சாவையே நம்ப மாட்டார். துக்கத்தை மறைக்கத்தான் அவர் சிரிக்கிறார் என்றால், காட்சியில் இன்னொருவர் அதைக் கவனிக்க வேண்டும். ஒரு பார்வை போதும். கலகலப்பாகத்தான் முடிக்க வேண்டுமென்றால், சாவின் கணக்கை அதற்கு முந்தைய காட்சியிலேயே தீர்த்துவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, நகைச்சுவையைத் தனியாக எழுதிச் செருகுவது. நம்மூர் சினிமாவில் காமெடி டிராக் என்று தனியாகவே ஒன்று ஓடிய காலம் உண்டு. மூன்று மணி நேரப் படம் அதைத் தாங்கிக்கொள்ளும். 45 நிமிட அறிவியல் புனைவு எபிசோடுக்கு அது ஆகாது. அங்கே பாதி நேரம் அந்த உலகத்தின் விதிகளைப் புரியவைக்கவே போய்விடும். ஜோக்கும் அந்த விதிகளிலிருந்தே பிறந்தால்தான் கட்டுப்படியாகும்.

அதே ஸ்டார் ட்ரெக், அதே 1967. டிசம்பரில் வந்த ட்ரிபிள்ஸ் எபிசோடைப் பாருங்கள். ட்ரிபிள் என்பது உருண்டையான ரோமப் பிராணி. அதற்கு மூன்றே குணம்: தின்னும், பெருகும், கிளிங்கான் என்ற எதிரி இனத்தவரைக் கண்டால் கீச்சிடும். மூன்றும் முதலில் சிரிப்புக்குத்தான் பயன்படுகின்றன. உச்சத்தில், ஒரு குடியேற்றக் கோளுக்காகச் சேமித்து வைத்த தானியக் கிடங்கின் கதவைக் கிர்க் திறக்க, தின்று கொழுத்த ட்ரிபிள்கள் கொட்டோ கொட்டென்று கொட்டி அவரை மார்பு வரை மூடுகின்றன. எபிசோடின் பெரிய சிரிப்பு இதுதான். அந்தக் குவியலுக்குள் நிற்கும்போதுதான் ட்ரிபிள்கள் செத்திருப்பது தெரியவருகிறது. தானியத்தில் விஷம். விஷம் வைத்தவன் மனித வேடத்தில் திரியும் கிளிங்கான் உளவாளி என்பதைக் காட்டிக்கொடுப்பதும் அந்தக் கீச்சுக்குரல்தான். ஒரு குணம்கூட வீணாகவில்லை.

உங்கள் திரைக்கதையைச் சோதிக்க வழி எளிது. எல்லா ஜோக்குகளையும் அடித்துவிட்டு வாசியுங்கள். கதை ஒரு கீறலும் இல்லாமல் நின்றால், நீங்கள் எழுதியிருப்பது டிராக். சில இடங்களில் கதை ஓட்டையாக வேண்டும். அடுத்து, கதையை எந்த விதி நகர்த்துகிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள். எந்த விதி சிரிக்க வைக்கிறது என்று அதன் கீழே எழுதுங்கள். இரண்டு வரியும் ஒன்றாக இருந்தால் வேலை முக்கால்வாசி முடிந்தது.

ஸ்டார்கேட் எஸ்.ஜி.-1 தொடரில் 2000-ஆம் ஆண்டு வந்த கால வளைய எபிசோட் இதற்குப் பாடப்புத்தகம் மாதிரி. ஒரே நாள் திரும்பத் திரும்ப நடக்கிறது; ஓ'நீலுக்கும் டீல்க்குக்கும் மட்டும் அது தெரிகிறது. செய்வது எதற்கும் விளைவு கிடையாது என்று புரிந்ததும் ஓ'நீல், வேறு கோள்களுக்குப் போக உதவும் நட்சத்திர வாயிலுக்குள் கோல்ஃப் பந்து அடிக்கிறார், ராணுவத் தளத்துக்குள் சைக்கிள் ஓட்டுகிறார். தினமும் முகத்தில் இடிக்கும் கதவை டீல்க் ஒரு நாள் திருப்பி அறைகிறார். இந்தக் கூத்துக்கெல்லாம் அடியிலிருக்கும் விதி ஒன்றுதான்: நடந்ததை மறுபடி வாழலாம். வளையத்தை உண்டாக்கிய மாலிகாய்க்கு வேண்டியதும் அதுவே. செத்துப்போன மனைவியோடு மறுபடி இருக்க வேண்டும். அப்போது ஓ'நீல் தன் மகனைப் பற்றிப் பேசுகிறார். அந்தச் சிறுவன் அப்பாவின் துப்பாக்கியாலேயே இறந்தவன் என்பது தொடரைப் பார்த்து வருபவர்களுக்குத் தெரியும். அந்த நாளை இன்னொரு முறை வாழ என்னால் முடியாது என்கிறார். அரை மணி நேரம் நம்மைச் சிரிக்க வைத்த அதே விதி இங்கே கழுத்தைப் பிடிக்கிறது. கோல்ஃப் காட்சியை வெட்டியிருந்தால் இந்த வசனம் வெறும் அறிவுரையாகப் போயிருக்கும்.

திரும்பத் திரும்ப வரும் ஜோக்கில் இன்னொரு பள்ளம் உண்டு. டாக்டர் ஹூ 2005-இல் மீண்டும் தொடங்கியபோது ஏப்ரலில் வந்த இரண்டு பாகக் கதையில், மனிதத் தோலைப் போர்த்திய வேற்றுக்கிரக ஸ்லிதீன்கள் பிரிட்டிஷ் அரசுக்குள் புகுந்துவிடுகின்றன. பருத்த உடம்பை அமுக்கி அடைத்திருப்பதால் வாயு பிரிந்துகொண்டே இருக்கும். காரணம் சரி, குழந்தைகளுக்குச் சிரிப்பும் வரும். ஆனால் கதையின் கூர்மை வேறிடத்தில் இருக்கிறது: பிரதமர் நாற்காலியில் அமர்ந்த போலி, வானத்தில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகவும் 45 விநாடியில் ஏவப்படலாம் என்றும் சொல்லி, ஐ.நா.விடம் அணு ஆயுதங்களுக்கான குறியீட்டைக் கேட்கிறது. இராக் போருக்கு முன் பிரிட்டிஷ் அரசு 2002-இல் வெளியிட்ட அறிக்கையின் 45 நிமிடக் கூற்றை நேராகக் குத்தும் கிண்டல் அது. அந்த வரி வருவதற்குள், வில்லன் வந்தாலே சிரிக்க வேண்டும் என்று பார்ப்பவரைப் பழக்கியாகிவிட்டது. குத்து விழவேண்டிய ஆழத்தில் விழவில்லை. ஒரே ஜோக்கை மறுபடி கொண்டுவந்தால் ஒவ்வொரு முறையும் ஏதாவது மாற வேண்டும். முதல் முறை சிரிப்பு, இரண்டாம் முறை துப்பு, மூன்றாம் முறை யாராவது மாட்டிக்கொள்ள வேண்டும். மூன்றாம் முறையும் வெறும் சிரிப்பே என்றால் வெட்டிவிடுங்கள்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில் வழுக்குகிறவர்கள்தான் அதிகம். ஸ்டார் ட்ரெக் வரிசையில் பின்னாளில் வந்த டீப் ஸ்பேஸ் நைன் தொடரின் ஃபெரெங்கிகள் லாபத்தையே வேதமாகக் கொண்ட இனம். 1996 எபிசோடில் குவார்க்கின் மதுக்கூடத்தில் வேலை பார்க்கும் அவன் தம்பி ராம் காதுத் தொற்றோடு சுருண்டு விழுகிறான், ஏனென்றால் நோய்க்கு விடுப்பே கிடையாது. ராம் தொழிற்சங்கம் ஆரம்பித்து வேலைநிறுத்தம் செய்கிறான். சிரிப்பு முழுக்க முதலாளியின் பேராசை மேல். அதிகாரி ப்ரண்ட் அனுப்பும் அடியாட்கள் குவார்க்கை அடித்து நொறுக்கும்போது சிரிப்பு தானாகவே அடங்குகிறது. 1998-இல் அதே தொடர், அதே குவார்க். ஃபெரெங்கிப் பெண்கள் உடை உடுத்தவும் சம்பாதிக்கவும் உரிமை பெறும் கதை. சிரிப்புக்கு வைத்ததோ, சிகிச்சையால் பெண்ணாக மாறிய குவார்க்கின் நடையும் அழுகையும், அவனைத் துரத்தும் ஆணும். பேசுவது பெண்ணுரிமை, கேலி பெண்மை மேல். எழுத்தறையில் திறமைக்குப் பஞ்சமில்லை என்பதை இரண்டாண்டுக்கு முந்தைய எபிசோடே காட்டுகிறது. ஒவ்வொரு ஜோக்கின் ஓரத்திலும் அது யார் மேல் விழுகிறது என்று பெயரெழுதிப் பாருங்கள். பாதிக்கப்பட்டவரின் பெயரே பலமுறை வந்தால் அந்தக் காட்சியை மறுபடி எழுத வேண்டியதுதான்.

இதற்கு நேரெதிரான நோய் பிரசங்கம். 1969 ஜனவரியில் வந்த ஸ்டார் ட்ரெக் எபிசோடில் இருவர் முகமும் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. என்ன வித்தியாசம் என்று கிர்க் விழிக்கும்போது, எனக்கு வலப்பக்கம் கறுப்பு, அவனுக்கு வலப்பக்கம் வெள்ளை, தெரியவில்லையா என்று அவர்களில் ஒருவரான பீல் கேட்கிறார். நிறவெறியின் அபத்தம் அந்த ஒரே நொடியில் வந்துவிடுகிறது. அதன் பிறகு அதையே வசனமாகப் பேசிப் பேசி நீட்டுகிறார்கள். அபத்தமே வாதத்தை முடித்துவிட்டால், அடுத்து வரும் விளக்க வசனம் எதுவானாலும் எடுத்துவிடலாம்.

வேடிக்கைத் தொடர் எதையும் நினைவில் வைக்க வேண்டாம் என்று எண்ணுவதும் தவறுதான். தி ஆர்வில் என்ற நகைச்சுவை விண்வெளித் தொடர், புதிதாகப் பிறந்த பெண் குழந்தையை ஆணாக மாற்றலாமா என்ற வழக்கை 2017-இல் எடுத்தபோது, தந்தையின் மனத்தை ஒரு கலைமான் அனிமேஷன் படம் மாற்றிவிடுகிறது. எனக்கு அது மலிவான வழியாகவே படுகிறது. ஆனால் தீர்ப்பு குழந்தைக்கு எதிராகப் போகிறது. 2022-இல் வளர்ந்துவிட்ட அதே பிள்ளையிடம் தொடர் திரும்பி வந்து கணக்கை முடிக்கிறது.

எழுதி, எடுத்தும் முடித்த பிறகு தவறு தெரிந்தால், எடிட்டிங்கில் கொஞ்சம் சரிக்கட்டலாம். கனமான காட்சிக்கு முன்னும் பின்னும் இருக்கும் ஜோக்குகளை முதலில் எடுங்கள். சிரிக்கச் சொல்லும் துள்ளல் இசையை அடைத்துவிட்டு அதே காட்சியைப் பாருங்கள். பல நேரம் வசனத்தில் கோளாறே இருக்காது. சிரிப்புக்காக விட்ட இடைவெளியை இறுக்குங்கள். அப்புறமும் உறுத்தினால், ஜோக் சொன்னவரை விட்டுவிட்டு கேட்டவரின் முகத்தைக் காட்டும் ஷாட்டுக்கு மாறுங்கள்.