களிமண் பூசிக் கத்தியைத் தோய்ப்பது எப்படி?

வாளில் தொடங்காதீர்கள். ஜப்பானில் வாள் செய்ய உரிமம் கேட்பவர், உரிமம் பெற்ற ஆசானிடம் குறைந்தது 5 ஆண்டுகள் தொழில் பயின்றிருக்க வேண்டும். ஒரு சாண் கத்தி போதும். செய்யவேண்டிய தவறுகளையெல்லாம் அதிலேயே செய்துவிடலாம்.

எஃகுக்கு என் தேர்வு ஷிரோகாமி 2. ஷிமானே மாகாணத்து யாசுகி நகரின் எஃகு அது. கார்பன் 1 சதவீதத்துக்குச் சற்று மேல். மற்ற கலப்பு மிகக் குறைவு. சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் நன்றாக இறுகும், கவனம் பிசகினால் வெடித்தும் விடும்.

அடிப்பதில் சூட்சுமம் அதிகமில்லை. ஆரஞ்சு நிறத்தில் அடியுங்கள். மங்கிய சிவப்புக்கு இறங்கியதும் சுத்தியலை வைத்துவிடுங்கள். பொறி தெறித்தால் எஃகு எரிகிறது என்று பொருள். வடிவம் வந்தபின் மூன்று முறை சிவக்கக் காய்ச்சி, காற்றில் ஆறவிடுங்கள்.

பிறகு அரம். வெட்டுவாயை 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே இறக்காதீர்கள். என் இரண்டாவது கத்தியை ஆசைப்பட்டுக் காகிதம்போல் தேய்த்து வைத்திருந்தேன். தண்ணீருக்குள் 'டிங்' என்று ஒரு சத்தம், கண்ணாடிக் குவளையைக் கரண்டியால் தட்டியதுபோல. எடுத்துப் பார்த்தால் வாயிலிருந்து முதுகை நோக்கி மயிரிழை விரிசல். மூன்று நாள் வேலை.

களிமண், கரித்தூள், சாணைக்கல் தூள் மூன்றையும் தயிர்ப்பதத்தில் குழையுங்கள். முதுகில் 3 மில்லிமீட்டர் கனம். வாயில் வண்ணம் தீட்டியதுபோல் மெல்லிய பூச்சு. தடித்த மண்ணுக்கு அடியில் எஃகு மெதுவாக ஆறி மென்மையாக நிற்கும். வாய் சட்டென்று குளிர்ந்து கடினமாகும். உலையில் வைக்குமுன் பூச்சில் ஈரம் துளியும் இருக்கக் கூடாது. இருந்தால் உலையிலேயே மண் உதிரும்.

இனி விளக்கை அணையுங்கள். ஜப்பானியக் கொல்லர்கள் இருட்டில் தோய்ப்பது நிறம் சரியாகத் தெரிவதற்காகத்தான். பகல் வெளிச்சத்தில் ஆரஞ்சு நிறமே சிவப்பாகத் தோன்றி ஏமாற்றும். பழகும்வரை காந்தம் வைத்துக்கொள்ளுங்கள்: சுமார் 770 டிகிரியில் அது எஃகைப் பிடிக்காது. அதற்கு ஒரு சாயல் மேலே, 800ஐத் தாண்டாமல், நுனி முதல் அடிவரை ஒரே நிறம் வரட்டும். நுனி மெல்லியது, முந்திக்கொண்டு சூடேறும். கத்தியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருங்கள்.

வெதுவெதுப்பான நீரில், வாய் கீழே இருக்க, ஒரே மூச்சில் இறக்குங்கள். பக்கவாட்டில் அசைத்தால் கோணிவிடும். கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி அவசியம்.

ஆறியதும் வாயில் அரத்தை இழுத்துப் பாருங்கள். கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கினால் வெற்றி. கடித்தால் சூடு போதவில்லை, மறுபடி மண் பூசவேண்டியதுதான். வழுக்கியதென்று மகிழ்ந்து கத்தியை மறுநாள்வரை போட்டுவைக்காதீர்கள், தானாகவே பிளக்கலாம். உடனே 180 டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம் வைத்து ஆறவிட்டு, இன்னொரு முறையும் அப்படியே செய்யுங்கள்.

கல்லில் தீட்டியபின் நீர்த்த வினிகரைத் தடவினால், மண் முடிந்த இடத்தையொட்டி 'ஹாமோன்' என்ற மங்கலான அலைக்கோடு எழும். பார்த்து ரசித்துவிட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசுங்கள்; இந்த எஃகில் துரு விரைவாக ஏறும்.