சனிக்கிழமை கவரைப் பிரிப்பதற்கு முன்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் நான் பவர் டேபிள் டெய்லர், மோட்டார் மெஷினில் தைப்பவள். வீட்டுக்காரரும் பனியன் கம்பெனிதான், கட்டிங் பார்க்கிறார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, சனிக்கிழமை கவரில் வரும் இரண்டு சம்பளமும் ஒரே நாளில் நின்றன. மூன்றாவது சனிக்கிழமை, தெருவில் வட்டிக்கு விடுபவரிடம் 10,000 கேட்டோம். 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுத்தார். கம்பெனி திறந்ததும் வாரம் ஆயிரமாகப் பத்து வாரம் கட்டினோம். அந்த 1,500 இன்னும் எனக்கு உறுத்துகிறது.

இனி அவசரத்துக்கு வட்டிக்கு வாங்காமல் நாமே பணம் சேர்த்து வைக்க வேண்டும் என்று, கடன் முடிந்த வாரமே கணக்கு எழுத ஆரம்பித்தேன். நோட்டெல்லாம் வாங்கவில்லை. கட்டிங் டேபிளில் மிஞ்சும் பிரௌன் பேப்பரை அவர் கொண்டுவருவார், அதை மடித்துத் தைத்துக்கொண்டேன். முதல் நாலு வாரம் எதையும் குறைக்க வேண்டாம், டீ, பஜ்ஜி உட்பட நடப்பதை அப்படியே எழுதினால் போதும். மாத வாடகையை 12 ஆல் பெருக்கி 52 ஆல் வகுத்தால் வாரக்கணக்கு வரும்; நாலால் வகுத்தால் தப்பாகிவிடும். எங்களுக்கு வாடகை 1,040, மளிகை, பால், காய்கறி 1,300, கேஸ், கரண்ட், ரீசார்ஜ் 260, பிள்ளையின் பஸ்ஸும் ஸ்கூல் சில்லறைச் செலவும் 250, மாமியார் மாத்திரை 150. மொத்தம் 3,000. வேலையே இல்லாத வாரத்திலும் இது வேண்டும்.

பஜ்ஜிதான் காசைத் தின்கிறது என்று நினைத்திருந்தேன். இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வரும் செலவுகள்தான் எங்களைக் கவிழ்த்தன. ஜூனில் ஸ்கூல் ஃபீஸ் 14,000, தீபாவளி 8,000, ஊர் நோம்பி (கோயில் திருவிழா) 5,000, மொய் 4,200. கூட்டினால் 31,200, வாரத்துக்கு 600. ஜூன் வரும் என்பது ஜனவரியிலேயே தெரியும், அது அவசரச் செலவே இல்லை. இந்த 600 தனி டப்பாவில் போகட்டும். அவசரப் பணத்தோடு கலந்தால் இரண்டும் போய்விடும்.

அப்புறம்தான் அவசரப் பணம். முதல் குறி நாலு வாரச் செலவு, 12,000. ஒன்றரை ஷிப்ட் ஓடும் வாரத்தில் 700, ஆர்டர் இல்லாத வாரத்தில் 100. அந்த நூறையும் விடக் கூடாது. கவர் கைக்கு வந்ததும் முதலில் இதை எடுத்து வைத்துவிட்டுத்தான் மளிகைக்கடைப் பக்கம் போக வேண்டும். எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. அடுத்த குறி 16 வாரம், 48,000. வீட்டில் ஒருவர் பனியன், இன்னொருவர் வேறு தொழில் என்றால் 12 வாரம் போதும் என்பேன். எங்களுக்கு இரண்டு கவரும் ஒரே தொழிலிலிருந்து வருகின்றன, நின்றாலும் சேர்ந்தே நிற்கும்.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். நல்லதுதான். வைத்தியம் பார்க்கலாம், தகுதி இருந்தால் நோய் விடுப்புக்குக் கூலியில் 70 சதவீதம், 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் ஆர்டர் இல்லாமல் கம்பெனி மூடினால் அது நோய் விடுப்பு ஆகாதே!

பணத்தை எங்கே வைப்பது? சீட்டில் வேண்டாம், அவசரத்துக்கு ஏலத்தில் எடுத்தால் தள்ளு என்று ஒரு பகுதி கழிந்துபோய்விடும். மாதாமாதம் கட்டும் தபால் ஆபீஸ் ஆர்.டி.யை மூன்று வருஷத்துக்கு முன் முடிக்க முடியாது. நாங்கள் தபால் ஆபீசில் சாதாரண சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறோம். 500 ரூபாய் இருப்பில் கிடக்க வேண்டும், 4 சதவீதம் வட்டி. அதை ஜி-பேயில் சேர்க்கவே இல்லை. எடுக்க வேண்டுமென்றால் வேலை நேரத்தில் நேரில் போய் நிற்க வேண்டும், அந்தத் தொல்லை எனக்குப் பிடித்திருக்கிறது. ராத்திரி அவசரத்துக்கு மட்டும் 2,000 ரேஷன் கார்டு கவருக்குள் இருக்கும். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்த ராத்திரி ஆட்டோவுக்கும் எக்ஸ்ரேக்கும் அதுதான் உதவியது.

எது அவசரம் என்பதில்தான் வீட்டில் சண்டை வரும். நாத்தனார் வீட்டுப் புதுமனைச் சீர் அவசரம் இல்லை. ஆடித் தள்ளுபடி இல்லவே இல்லை. போன மாதம் பைக் டயர் வழுக்கையாகிவிட்டது, தபால் ஆபீஸ் பணத்தை எடுக்கலாம் என்றார் வீட்டுக்காரர். பைக் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது, சரி. ஆனால் டயர் தேயும் என்பது வாங்கிய அன்றே தெரியுமே? வருஷச் செலவு டப்பாவிலிருந்து எடுத்தோம். அந்த வாரத்திலிருந்து 600 ஐ 650 ஆக்கிவிட்டேன்.