சம்படம் காலியாகும் வரைதான் தீபாவளி: எடை கூடாமல் பண்டிகையைக் கடக்கும் முறை

தீபாவளிக்கு மறுநாள் காலையில் எடை பார்க்கும் கருவியில் ஏறி, ஒன்றரைக் கிலோ கூடியிருப்பதைக் கண்டு பதறி, மதியம் பட்டினி கிடந்து, சாயங்காலம் பசி தாங்காமல் நான்கு லட்டுகளை நின்றபடியே தின்றவன் நான். எனவே இந்தச் செய்முறை முதலில் எனக்காக எழுதிக்கொண்டது.

தொடங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், செலவானது போக ஏறத்தாழ 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். தீபாவளியன்று வழக்கத்தைவிட 1,500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டாலும் (அதற்கே நன்றாகப் பாடுபட வேண்டும்) சேர்வது 200 கிராம்தான். ஆனால் பண்டிகை முடிந்தபின் தினமும் காபியோடு இரண்டு மைசூர்பாகு என்று 20 நாள் ஓடினால், நாளுக்கு 300 வீதம் 6,000 கலோரி. முக்கால் கிலோவுக்கும் மேல்! பழி தீபாவளியின் தலையில் விழுகிறது. வேலையைச் செய்வது என்னவோ அலமாரியில் இருக்கும் சம்படம்.

படி 1: ஒரு வாரம் முன்பே எடை பார்த்துக் குறித்து வையுங்கள்

காலைக்கடன் முடித்து, காபிக்கு முன்னால், ஒரே கருவியில். எண்ணை நாள்காட்டியிலேயே எழுதிவிடுங்கள். பிறகு பண்டிகைக் காலம் முழுக்க வாரம் இரண்டு முறையாவது பாருங்கள். இது வெறும் சடங்கு அல்ல. இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிறிஸ்துமஸ் காலத்தில் 272 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. அடிக்கடி எடை பார்க்கவும், பண்டிகைத் தின்பண்டங்களைக் கரைக்க எவ்வளவு நடக்கவோ ஓடவோ வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் வைக்கப்பட்ட பிரிவினர் சராசரியாக 0.13 கிலோ குறைந்தார்கள். பொதுவான ஆரோக்கியக் கையேடு மட்டும் பெற்றவர்கள் 0.37 கிலோ கூடினார்கள்.

படி 2: அளவை மாவு அரைக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்

மொத்தச் செய்முறையில் பாதி இதுதான். இங்கே கோட்டை விட்டால் பிறகு மன உறுதி, யோகா எதுவும் காப்பாற்றாது.

என் பாட்டி பதினோரு பேர் இருந்த வீட்டுக்கு ஏழு வகைப் பலகாரம் செய்தார். அம்மா ஆறு பேருக்கு அதே அளவில் செய்தார். இப்போது நாங்கள் நான்கு பேர். முறுக்குக்கு அரிசி அளப்பது மட்டும் இன்றும் பாட்டியின் படியால்தான். குடும்பம் சுருங்கிவிட்டது, அளவு கூட்டுக்குடும்பத்திலேயே நின்றுவிட்டது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படியோ டம்ளரோ இருக்கும். முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்.

பிறகு ஒரு தாளில் வீட்டில் இருப்பவர்கள், பலகாரம் கொடுக்கப்போகும் வீடுகள், ஆளுக்கு எத்தனை என்று எழுதிக் கூட்டுங்கள். அந்த எண்ணிக்கைக்கு மட்டும் செய்யுங்கள். ஓர் இனிப்பு, இரண்டு காரம் போதும். கேதார கௌரி நோன்பு எடுக்கும் வீடுகளில் சாமிக்கு 21 அதிரசம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். சாமிக்கே கணக்கு உண்டென்றால் நமக்கும் இருக்கலாம்.

மைசூர்பாகை எடுத்துக்கொள்வோம். கடலை மாவு 100 கிராம், சர்க்கரை 200 கிராம், நெய் 200 கிராம். மாவில் சுமார் 380, சர்க்கரையில் 800, நெய்யில் 1,800. மொத்தம் கிட்டத்தட்ட 3,000 கலோரி. 20 வில்லைகளாக வெட்டினால் ஒன்றுக்கு 150. அதே தட்டை 30 வில்லைகளாக வெட்டினால் 100. ருசி குறையாது, கத்திதான் இரண்டு மூன்று கோடு கூடுதலாகப் போடும். 20 வில்லைக் கணக்கில் ஒவ்வொன்றிலும் 10 கிராம் சர்க்கரை. ஒரு நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. இரண்டரை வில்லையில் அது முடிந்துவிடுகிறது.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை என்று மாற்றிச் செய்து 'ஆரோக்கிய லட்டு' என்று பெயர் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெல்லத்தின் கலோரி சர்க்கரைக்கு ஏறக்குறைய சமம். ஆரோக்கியம் என்ற பெயரைக் கேட்டதும் ஒன்று தின்ன வேண்டியவர் மூன்று தின்கிறார்.

படி 3: பதம் பார்ப்பதற்கு எல்லை வையுங்கள்

அடுப்படியில் நிற்பவர்தான் அதிகம் சாப்பிடுகிறார், அதுவும் தெரியாமலேயே. முதல் ஈடு உப்புக்கு, இரண்டாவது மொறுமொறுப்புக்கு, உடைந்த தேன்குழல் எதற்கும் கணக்கில்லை. ஆனால் 20 கிராம் தேன்குழலில், உடைந்ததானாலும், சுமார் 100 கலோரி இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். பக்கத்தில் ஒரு சொம்பு நீர்மோர் இருக்கட்டும். முதல் ஈட்டில் மட்டும் பதம் பாருங்கள். எண்ணெய் காயும் முன் மாவைப் பிழிந்தால் முறுக்கு எண்ணெய் குடிக்கும். ஒரு துளி மாவைப் போட்டால் உடனே மேலே எழும்ப வேண்டும், அதுதான் சூடு. அதிரசத்தை எடுத்ததும் இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே அழுத்தி வடியுங்கள்.

படி 4: தீபாவளியன்று சாப்பிடுங்கள்

விடியற்காலை எண்ணெய்க் குளியல் முடித்த வெறும் வயிற்றில் பலகாரத் தட்டை நீட்டும் வழக்கத்தை மட்டும் சற்று மாற்றுங்கள். சாமிக்குப் படைத்த இனிப்பில் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, இட்லியை முதலில் சாப்பிடுங்கள். கறிக்குழம்பு வைக்கும் வீடென்றால் இன்னும் நல்லது. புரதம் பசியை அடக்கும். பலகாரம் அதன் பிறகு, ஒரு தட்டில் வைத்து, உட்கார்ந்து. லேகியம் இருக்கிறதே என்ற தைரியத்தில் இரண்டாவது சுற்றுக்குப் போகாதீர்கள். சுக்கு, மிளகு, திப்பிலியோடு அதிலும் வெல்லமும் நெய்யும்தான் இருக்கின்றன.

படி 5: போகிற வீடுகளில்

"ஒன்றே ஒன்று எடுத்துக்கொள், மாமி கையால் செய்தது" என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். மறுப்பது மரியாதையும் அல்ல, பலிக்கவும் பலிக்காது. அந்த வீட்டில் நன்றாக வருவது எதுவோ அதை மட்டும் எடுத்து மெதுவாகத் தின்னுங்கள். தட்டு காலியானால் உடனே நிரப்பிவிடுவார்கள். கடையில் வாங்கிய இனிப்பை எந்தக் குற்ற உணர்வும் இல்லாமல் தவிர்க்கலாம். சர்க்கரை நோய் என்று பொய் சொல்லாதீர்கள். நான் ஒருமுறை சொன்னேன். அடுத்த மூன்று கல்யாணங்களில் உறவினர் கூட்டம் எனக்குப் பாகற்காய் வைத்தியம் சொன்னது.

படி 6: மறுநாள், சம்படங்களை வரிசையாக வையுங்கள்

வீட்டில் செய்தது, வந்து சேர்ந்தது எல்லாவற்றையும் மேசைமேல் பரப்புங்கள். வீட்டாருக்கு ஐந்து நாளைக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை அன்றே கொடுத்துவிடுங்கள். தெருவெல்லாம் பட்டாசுக் காகிதம் குவிந்து தூய்மைப் பணியாளர்கள் இடுப்பொடியப் பெருக்கும் நாள் அது. பத்து நாள் கழித்து எண்ணெய் வாடை அடிக்கும் முறுக்கைக் கொடுப்பதைவிட, அன்றே புதிதாகக் கொடுப்பது அழகு. மிச்சம் வைத்தது கண்ணாடி ஜாடியில் வேண்டாம். எவர்சில்வர் சம்படத்தில் போட்டுப் பரணுக்கு ஏற்றுங்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பழக்கம் உள்ளவர்களுக்கு ஓரிரு நாளில் கந்த சஷ்டி விரதமும் தொடங்கிவிடும். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசத்தில் இறங்க வேண்டாம்.

படி 7: எடையைப் பாருங்கள், ஆனால் பதற வேண்டாம்

மறுநாள் கூடியிருப்பதில் பெரும்பகுதி தண்ணீர். மாவும் சர்க்கரையும் உடம்பில் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைக்கிறது. காரப் பலகாரத்தின் உப்பு இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் ஐந்தாறு நாளில் இறங்கிவிடும். இரண்டு வாரம் கழித்தும் நாள்காட்டியில் எழுதியதைவிட அரைக் கிலோவுக்கு மேல் இருந்தால், பரணில் இன்னும் ஏதாவது சம்படம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதன் பிறகு தினமும் 40 நிமிடம் வேகமாக நடங்கள். அது ஏறக்குறைய ஒரு மைசூர்பாகுக்குச் சமம்.

சம்படத்தின் அடியில் அதற்குள் முறுக்குத் தூள் மட்டும் மிஞ்சியிருக்கும். அதைத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளலாம்.