தோட்டப்புறப் பட்டணத்தில் உணவகமும் விடுதியும்: புதிதாகக் குடியேறும் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கைக்குழந்தையோடு மலேசியாவுக்கு வரும் இளம் தம்பதியர், கோலாலம்பூரின் வாடகையைக் கேட்டு மலைத்து, பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் போன்ற பட்டணங்களில் சிறிய உணவகமோ விடுதியோ தொடங்க நினைப்பது புதிதன்று. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், கடைத்தெருவில் தமிழ்ப் பேச்சு, நடந்துபோகும் தொலைவில் கோயிலும் தமிழ்ப்பள்ளியும், மலிவான கடைவீடு என்று எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருப்பது போலத் தோன்றும். எண்ணத்தில் பிழையில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்.

வழக்கமாக நடப்பது இதுதான்: கடைவீடு பிடித்துப்போகிறது, இரண்டு மாத வாடகையை வைப்புத்தொகையாகக் கொடுத்து, மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் தனியாகக் கட்டி, சுவருக்குச் சாயமும் அடித்த பிறகுதான் குடிநுழைவுத் துறையின் நினைவு வருகிறது. சுற்றுலா அனுமதியில் வந்தவர் தொழில் நடத்த முடியாது. ஒரு தொழிற்சாலையில் வேலை செய்வதற்காக எம்ப்ளாய்மெண்ட் பாஸ் பெற்றவருக்கு அந்த அனுமதி அந்த முதலாளிக்கும் அந்தப் பதவிக்கும் மட்டுமே உரியது. மாலை நேரத்தில் சொந்தக் கடையைப் பார்த்துக்கொள்ள அது இடம் கொடுக்காது. அவரைச் சார்ந்து டிபென்டன்ட் பாஸில் வந்திருக்கும் மனைவியோ கணவனோ, தனி அனுமதி பெறாமல் கல்லாவில் உட்கார்ந்தாலும் அது வேலைதான். 'வீட்டுக்காரிதானே, சும்மா ஒத்தாசைக்கு நிற்கிறாள்' என்ற பதிலை அமலாக்க அதிகாரி ஏற்கமாட்டார்.

அடுத்த சறுக்கல் நிறுவனப் பதிவில். 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்கீழ் தனியுரிமைத் தொழிலோ கூட்டுத் தொழிலோ பதிவு செய்துகொள்ளும் வழி குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கும் மட்டுமே உண்டு. மற்றவர்கள் 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம், தொடங்க வேண்டும். அதற்கு மலேசியாவில் வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும், நிறுவனச் செயலாளர் ஒருவரும் வேண்டும். பதிவு முடிந்துவிட்டதே, இனிக் கதவைத் திறக்கலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அந்த நிறுவனம் தன் உரிமையாளருக்கே எம்ப்ளாய்மெண்ட் பாஸ் கேட்க வேண்டுமானால், செலுத்திய மூலதனம் முழு உள்நாட்டு நிறுவனத்துக்கு 250,000 ரிங்கிட், உள்நாட்டாரும் வெளிநாட்டாரும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு 350,000 ரிங்கிட், முழு வெளிநாட்டு நிறுவனத்துக்கு 500,000 ரிங்கிட் என்ற அளவை எட்டியிருக்க வேண்டும். உணவகம் உள்ளிட்ட வணிகத் துறையில் வெளிநாட்டுப் பங்கு இருந்தால், உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் ஒப்புதலும் 10 லட்சம் ரிங்கிட் மூலதனமும் தேவை. அதோடு முடியவில்லை, அந்த அமைச்சின் வழிகாட்டி நெறிகளில், தனிச்சிறப்பு எதுவும் இல்லாத சாதாரண உணவகம் வெளிநாட்டார் ஈடுபடக்கூடாத தொழில்களின் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறது. இட்லி, தோசைக் கடைக்கு நேர்வழி ஏறத்தாழ அடைபட்டிருக்கிறது என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இந்த இடத்தில்தான் யாராவது ஓர் உறவினர், 'என் பேரில் லைசென்ஸ் எடுத்துக்கலாம் தம்பி' என்று முன்வருவார். மலேசியாவில் இதை 'அலிபாபா' வியாபாரம் என்பார்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஊராட்சி உரிமம், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் அவர் பெயரில் இருக்கும்போது, சமையலறைச் சாமான் வாங்கிப் போட்ட பணம் உங்களுடையது என்பதற்குச் சட்டத்தில் பிடிமானம் மிகக் குறைவு. சட்டத்தைச் சுற்றிப் போவதற்காகவே எழுதிய ரகசிய ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் நீட்டுவது உங்களுக்கே எதிராக முடியலாம். அவர் இறந்துபோனால் கடை அவருடைய பிள்ளைகளின் கைக்குப் போகும். உள்ளூர்க்காரர் ஒருவர் உண்மையாகவே பணம் போட்டு, முடிவெடுத்து, லாப நட்டத்தைச் சுமக்கும் கூட்டு என்றால் அது வேறு. அதற்குப் பங்குதாரர் ஒப்பந்தத்தை வழக்கறிஞரை வைத்து எழுதுங்கள். அப்படி ஒருவர் அமையாவிட்டால், கடை எண்ணத்தைத் தள்ளிவைப்பதுதான் மலிவான முடிவு என்பது என் கருத்து.

நிலத்தைப் பற்றிய மயக்கம் இன்னொரு வகை. தோட்ட மேலாளர் குடியிருந்த பழைய துரை பங்களாவைப் பார்த்ததும் அதை விடுதியாக்கும் ஆசை பலருக்கு வருகிறது. பங்களா நிற்கும் நிலம் பெரும்பாலும் விவசாயப் பிரிவைச் சேர்ந்தது. நிலப் பயன்பாட்டை மாற்ற மாநில அரசின் ஒப்புதலும் அதற்கான கட்டணமும் வேண்டும். தேசிய நிலச் சட்டத்தின் 433பி பிரிவுப்படி வெளிநாட்டார் நிலம் வாங்க மாநில அரசின் முன் அனுமதி தேவை. மலாய் ஒதுக்கீட்டு நிலத்தை வாங்கவே முடியாது. நாற்பது ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டாக்கி விற்பதற்கும் அதே சட்டத்தில் தனிக் கட்டுப்பாடு உண்டு. ஐம்பதுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்த காலத்தின் தொடர்ச்சி அது; சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ.தி.சம்பந்தன் 1960இல், தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்கும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அதே காரணத்தால்தான். வாங்காமல் வாடகைக்கு எடுப்பவர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாத ஐந்தாண்டு ஒப்பந்தத்தை நம்பிக் குளியலறைகளைக் கட்டிய பிறகு கட்டடம் கைமாறினால், புதிய உரிமையாளர் உங்களை வைத்திருப்பார் என்பதற்கு உறுதியில்லை.

வாடிக்கையாளர் யார் என்று கணக்கிடாமல் இறங்குவதுதான், என் பார்வையில், எல்லாவற்றிலும் விலை கூடிய தவறு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகும் கார்கள் ஈப்போவிலும் பினாங்கிலும்தான் நிற்கும். தோட்டப்புறப் பட்டணத்துக்குச் சுற்றுப்பயணியாக வருபவர் மிகச் சிலரே. வருபவர்கள், ரப்பர் போய்ச் செம்பனை வந்த காலத்தில் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் பெயர்ந்துபோன தோட்டத்துப் பிள்ளைகள். தோட்டத்துக் கோயில் திருவிழா, தீபாவளி, கல்யாணம், கருமக்கிரியை என்று காரணம் இருக்கும்போது ஒரு குடும்பத்தில் பத்துப் பதினைந்து பேராக வருவார்கள். அவர்களுக்கு இரட்டைக் கட்டில் போட்ட ஆறு அறைகள் பயன்படமாட்டா. பாய் விரிக்கக்கூடிய கூடம், பெரிய சமையலறை, நான்கு கார் நிறுத்த இடம் உள்ள ஒரு முழு வீடு வேண்டும். விரதக்காரர்கள் இருப்பதால் சைவச் சமையலுக்குத் தனிப் பாத்திரமும் கேட்பார்கள். திருவிழா இல்லாத மாதங்களில் வீடு காலியாகக் கிடக்கும் என்பதையும் சேர்த்தே வாடகையைத் தாங்க முடியுமா என்று பார்க்க வேண்டும். ஐந்து அறைகளும் அதற்கு மேலும் என்றால் வெளிநாட்டு விருந்தினருக்கு அறை ஒன்றுக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்கிக் கட்ட வேண்டும். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட அத்தையும் அந்தக் கணக்கில் வெளிநாட்டவர்தான்.

உள்ளூர்க் கூட்டாளியோடு முறையாக உணவகம் அமைந்தால், பட்டியலை ஊர் வழக்கத்துக்கு எழுதுங்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு, போகும் தோட்டத்தில் காலை எட்டு மணிக்குக் கடை திறப்பவர் நாளின் பாதி வருமானத்தை இழக்கிறார். காலையில் ரொட்டி சானாய் (பரோட்டா போன்றது), நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), தே தாரிக் (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்) இல்லாமல் பொங்கலும் ஃபில்டர் காப்பியும் மட்டும் வைத்துக் காத்திருப்பது வீண். இன்று தோட்டத்தில் வேலை செய்பவர்களில் பலர் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும். அவர்கள் ஹலால் பார்ப்பார்கள். பன்றி இறைச்சி இல்லை என்பதற்காக நாமே ஹலால் என்று எழுதி ஒட்டுவது குற்றம்; உரிய சமய அதிகார அமைப்பின் சான்றிதழ் வேண்டும்.

சமையலறையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் தைபாய்டு தடுப்பூசியும் உணவு கையாள்வோர் பயிற்சியும் கட்டாயம். பெயர்ப்பலகையில் தேசிய மொழி முதன்மையாக இருக்க வேண்டும்; தமிழ் எழுத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டுப் பிறகு கழற்றுவது இரட்டைச் செலவு. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 ஆகஸ்ட் முதல் ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருப்பவர்களுக்கும் அது பொருந்தும்.

பிள்ளைகளின் படிப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் தவறே. பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியில் இடம் இருந்தாலும் வெளிநாட்டுக் குழந்தையைத் தலைமையாசிரியர் தாமாகச் சேர்த்துக்கொள்ள முடியாது. கல்வித் துறையின் அனுமதி வேண்டும், அதற்குப் பெற்றோரின் செல்லுபடியாகும் பாஸ் வேண்டும். ஆகவே பாஸ் கைக்கு வந்த வாரத்திலேயே பள்ளி விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். ஆறாம் ஆண்டுக்குப் பின் இடைநிலைப்பள்ளி மலாயில் நடப்பதால், வீட்டில் மலாய் பழகத் தொடங்குவதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டாருக்குக் குடிமக்களுக்கான சலுகைக் கட்டணம் கிடையாது. பிரசவம் எதிர்நோக்கும் குடும்பம் அதற்குரிய தொகையைத் தொழில் முதலோடு கலக்காமல் தனியாக வைத்திருக்க வேண்டும்.