விலங்குகள், மாணவர்கள் கற்பது பற்றி ஆய்வா? தலைப்பை இப்படிப் பிடியுங்கள்

விலங்கியல், பி.எட்., எம்.எட். படிக்கும் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். "தேனீக்களின் கற்றல் திறன் – ஓர் ஆய்வு" என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று விழிப்பவர்கள் நிறைய. அது தலைப்பே இல்லை, பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயத்தின் பெயர்.

படி 1: எதை எண்ணப்போகிறீர்கள்?

கற்றலை யாரும் நேரில் பார்க்க முடியாது. அனுபவத்துக்குப் பிறகு நடத்தை மாறியதா, மாறியது நிலைத்ததா என்றுதான் பார்க்கலாம். 1898-ல் அமெரிக்க உளவியலாளர் தார்ண்டைக் பூனைகளைப் பெட்டிக்குள் விட்டு, அவை திறந்துகொண்டு வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்தார். திரும்பத் திரும்ப விட்டபோது நேரம் குறைந்தது. அவ்வளவுதான். உங்கள் தலைப்புக்குள்ளும் ஒரு நொடிக்கணக்கோ எண்ணிக்கையோ மதிப்பெண்ணோ இருந்தாக வேண்டும்.

படி 2: எந்த உயிர்?

தேனீ வளர்ப்புக்குப் பேர்போன மார்த்தாண்டம் பக்கத்து ஆள் என்றால் யோசிக்கவே வேண்டாம், பெட்டித் தேனீதான். தேனீக்கு நிறம் தெரியும் என்று விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷ் காட்டிய சோதனைக்குச் செலவும் குறைவு. நீல அட்டை மேல் சர்க்கரைப் பாகு வைத்துப் பழக்கினார். அப்புறம் பல அடர்த்தியில் சாம்பல் அட்டைகளைச் சுற்றிலும் பரப்பி, பாகே இல்லாமல் பார்த்தார். தேனீக்கள் நீலத்துக்கே வந்தன. சாம்பல் அட்டை எதற்கு? நிறத்தை விட்டுவிட்டு வெளிச்சம் கூடக்குறைய இருப்பதை மட்டும் பார்த்து வந்திருக்கலாமே! அந்தச் சந்தேகத்தை அடைக்கத்தான். சிவப்பு மட்டும் வேண்டாம், அது தேனீக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் அட்டையின் இடத்தை மாற்றுங்கள், புது அட்டை வையுங்கள். இல்லையென்றால் இடத்தையோ வாசனையையோ வைத்து வந்துவிடும்.

காலத்தையும் பாருங்கள். ரப்பர் இலை உதிர்ந்து கொழுந்து விடும்போது, மூன்று இலைகளும் சேரும் காம்பு நுனியில் தேன் சுரக்கும். பெட்டிகள் நிரம்பும் அந்த மாதங்களில் உங்கள் பாகை எந்தத் தேனீயும் சீண்டாது. மழைக்காலத்தில் பெட்டிக்காரர்களே பாகு வைப்பார்கள். மழை விட்டு வெயில் அடிக்கும் நாட்களில் அவர்களிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

சுசீந்திரம்–தேரூர் குளம் 2022-லேயே உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்துவிட்டது, அங்கே பறவைகளைப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். முதல் ஆய்வுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். நேற்று வந்த நாரைதான் இன்றும் வந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? கற்றது அதே உயிர்தான் என்று தெரியாவிட்டால் ஆய்வே இல்லை. பிடித்து வளையம் போட வனத்துறை அனுமதி வேண்டும். தேனீக்கோ முதுகில் ஒரு பெயின்ட் புள்ளி போதும்.

படி 3: மாணவர்கள் என்றால்

2006-ல் ரோடிகர், கார்பிக்கே என்ற உளவியலாளர்கள் இருவரும் கல்லூரி மாணவர்களில் சிலரை ஒரு பத்தியைத் திரும்பப் படிக்க வைத்தார்கள். மற்ற மாணவர்களை, பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் திரும்பப் படித்தவர்கள் முன்னே. ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்கள் முன்னே. இதை நம்மூர் ஒன்பதாம் வகுப்பில் தமிழ்ப் பத்தியை வைத்துச் செய்யலாம்.

'ஏ' பிரிவுக்கு ஒன்று, 'பி' பிரிவுக்கு ஒன்று என்று வைக்காதீர்கள். வித்தியாசம் வந்தால் அது முறையாலா, ஆசிரியராலா என்று பிரிக்க முடியாது. ஒரே வகுப்பில் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரியுங்கள். தலைமையாசிரியர், பெற்றோர் சம்மதம் எழுத்தில் வேண்டும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு நேரத்தைத் தவிருங்கள்.

படி 4: கேள்வியாக எழுதுங்கள்

"நீல அட்டையில் பாகு குடித்த பெட்டித் தேனீ மறுநாளும் நீலத்தைத் தேடி வருமா?" இதில் யார், என்ன, எப்போது எல்லாம் இருக்கிறது. "தாக்கம்", "பங்கு", "விழிப்புணர்வு" என்ற சொற்கள் வந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். தேனீயையும் மாணவரையும் ஒரே ஆய்வில் ஒப்பிடும் ஆசையும் இப்போதைக்கு வேண்டாம். இரண்டுக்கும் பொதுவான அளவுகோல் கிடைக்காது.

படி 5: வழிகாட்டியிடம்

கேள்வி, எண்ணப்போவது, அனுமதி, மாதம், இந்த நான்கையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தேனீயை எடுத்தால் கூடவே ஒரு வகுப்பறைக் கேள்வியும் பையில் இருக்கட்டும். இங்கே இரண்டு பருவமழையும் உண்டு. வாரக்கணக்கில் பெய்தால் தேனீ பெட்டியை விட்டு வெளியே வராது.