ஓடைய மீட்கணுமா, ஜேசிபிய அப்புறம் கூப்பிடுங்க

ஊர் ஓடை காஞ்சு கெடக்கு, பசங்க ரெடி, காசும் கொஞ்சம் சேந்துடுச்சு, ஒடனே எல்லாரும் பண்றது ஜேசிபிய எறக்கி ஓடைய ஆழமா நேரா வெட்டி விடறது தான், அப்படி வெட்டினா மழைத்தண்ணி இன்னும் வேகமா ஓடிப்போயிடும், அதுவுமில்லாம தண்ணிய புடிச்சு வெச்சிருந்த மணலும் போயிடும். வேலைய மேட்டுலேர்ந்து தான் ஆரம்பிக்கணும்.

மொதல்ல நல்லா மழை பெய்யறப்போ குடைய எடுத்துட்டு நடங்க, தண்ணி எங்கேர்ந்து வருது, எந்த பாலத்துக்கு அடியில பிளாஸ்டிக் அடைச்சு திரும்பி போகுதுன்னு போன்ல வீடியோ எடுத்துக்கங்க. அப்புறம் தமிழ்நாடு அரசோட இ-சர்வீசஸ் சைட்டுல சர்வே நம்பர் போட்டு எஃப்எம்பி, அதாவது நெலத்தோட அளவு வரைபடம், எடுங்க, புறம்போக்கு எவ்ளோ அகலம்னு தெரியும். ஆக்கிரமிப்பு பண்ணவர் பாதி நேரம் நம்ம பங்காளியா தான் இருப்பார், அதனால தனியா போய் சண்டை போடாம கிராம சபையில தீர்மானம் போட்டு சர்வேயர வெச்சு அளங்க. அடுத்த சபை எப்போன்னு பாத்துக்கங்க, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மேட்டுப்பகுதி காட்டிலாகா எடம்னா அவங்க பர்மிஷன் இல்லாம ஒரு கல்லக்கூட நகத்தாதீங்க.

இப்போ தண்ணியோட வேகத்த கொறைக்கற கல் தடுப்பு. சின்ன ஓடைக்கு குறுக்க கல்ல அடுக்கறது தான், ஆனா நடுவுல தாழ்வாவும் ரெண்டு ஓரமும் ஒசரமாவும் இருக்கணும், ஓரம் கரைக்குள்ள நல்லா புதைஞ்சிருக்கணும். நாங்க மொத தடவை மட்டமா கட்டிட்டோம், ஒரே மழையில தண்ணி பக்கவாட்டுல கரைய அறுத்துட்டு போயிடுச்சு, கல்லு மட்டும் நடுவுல சாமி மாதிரி நின்னுச்சு. கீழ் தடுப்போட தலையும் மேல் தடுப்போட காலும் ஒரே மட்டத்துல வர்ற மாதிரி இடைவெளி விடுங்க, கொத்தனார் வெச்சிருக்கற டியூப்ல தண்ணி ஊத்தி பாத்தாலே போதும்.

கீழ ஓடை அகலமாகற எடத்துல உறை எறக்கி செறிவூட்டு கிணறு, அதாவது ஓடைத்தண்ணிய நெலத்துக்குள்ள எறக்கற கிணறு, போடலாம். வேலூர், திருவண்ணாமலை பக்கம் நாகநதியில 2014லேர்ந்து நூறு நாள் வேலைக்கு வந்த பொம்பளைங்க தான் இப்படி கிணறு கிணறா தோண்டினாங்க. மேல ஜல்லி போட்டுக்கங்க, வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி அந்த ஜல்லிய அலசணும், இல்லன்னா வண்டல் அடைச்சுக்கும், பாதி எடத்துல திட்டம் கெடறது இந்த ஒரு சோம்பேறித்தனத்துல தான்.

சீமைக்கருவேலத்த வெட்டி விட்டா மட்டும் பத்தாது, தூரோட எடுக்கணும், இல்லன்னா தழைஞ்சிடும், அதுவும் காய் பழுத்து விழறதுக்கு முன்னாடி. மாடு காய தின்னு சாணியிலயே வெதைச்சுட்டு போகும். எடுத்த எடத்துல ஒடனே வெட்டிவேர், நொச்சி, பனங்கொட்டை ஏதாவது வெச்சுடுங்க, மொட்டைக் கரை சரிஞ்சு ஓடையிலயே விழும்.

கடைசியா, வேல ஆரம்பிக்கற முன்னாடியே பக்கத்துக் கிணறு நாலஞ்சுல உள்பக்கம் அடிக்கணக்கா பெயிண்ட் கோடு போட்டு, மாசம் ஒண்ணாம் தேதி தண்ணி மட்டத்தயும் பெஞ்ச மழையயும் நோட்டுல எழுதுங்க. தண்ணி ஏறினதும் டீக்கடையில யாராவது "அது இந்த வருஷம் மழை ஜாஸ்தி, அதான்"னு கண்டிப்பா சொல்லுவாங்க, அப்போ நோட்ட எடுத்து காட்டணும்ல.