தாளக்காரர் ஒருவர் போதும்: மிடி சீக்வென்சரை மற்றப் பெட்டிகளோடு இணைப்பது

உப்புவெளியில் இருக்கும் மருமகன் போன மாதம் இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒன்று ஆர்டூரியா கீஸ்டெப், சீக்வென்சர் (சுரவரிசையைப் பதிந்து தானே திரும்ப வாசிக்கும் அமைப்பு) உள்ள கீபோர்டு. மற்றது கோர்க் வோல்கா பீட்ஸ், தாளம் வாசிக்கும் பெட்டி. "மாமா, இரண்டிலும் வேகம் நிமிடத்துக்கு 120 தாள அடிதான். ஆனால் ஒரு நிமிடம் போவதற்குள் பிரிந்துவிடுகின்றன" என்றான். பிரியத்தான் செய்யும். கோயில் மேளத்தில் கைத்தாளம் போடுபவர் ஒருவர்தான். நாதஸ்வரமும் தவிலும் அவரைப் பிடித்துக்கொண்டு போகின்றன. ஆளுக்கொரு தாளம் போட்டால் கச்சேரி என்னவாகும்?

மிடி என்பது இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறை. அதன் வயரில் ஒலி போவதில்லை, கட்டளைதான் போகிறது. 1983 ஜனவரியில் அமெரிக்காவின் 'நாம்' (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு கீபோர்டுகளை இணைத்துக் காட்டிய நாளிலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை. தாளத்துக்கான கட்டளை மிக எளியது: ஒரு கால் நோட்டுக்கு, அதாவது ஒரு தாள அடிக்கு, 24 துடிப்புகள். 120 வேகத்தில் வினாடிக்கு 48. "120" என்ற எண் வயரில் போவதே இல்லை. துடிப்புகளின் இடைவெளியைப் பார்த்து மற்றப் பெட்டி வேகத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது.

முதல் படி, தாளக்காரரைத் தீர்மானியுங்கள். எங்களுக்கு அதில் குழப்பம் இருக்கவில்லை. வோல்கா பீட்ஸில் மிடி உள்வழி மட்டுமே உண்டு, வெளிவழி இல்லை. ஆகவே கீஸ்டெப்தான் தாளக்காரர். அதன் பின்புறத்தில் உள்ள இரண்டு குட்டி சுவிட்ச்களை 'இன்டர்னல்' என்ற நிலையில் வைத்தோம். வேறு கருவியாக இருந்தால் மெனுவில் 'கிளாக்' அல்லது 'சிங்க்' என்று இருப்பதைத் தேடுங்கள். தாளக்காரரில் 'இன்டர்னல்' (தன் தாளம்), மற்ற எல்லாவற்றிலும் 'எக்ஸ்டெர்னல்' (வெளியிலிருந்து வரும் தாளம்) அல்லது 'ஆட்டோ'.

அடுத்தது வயர். தாளக்காரரின் 'அவுட்' துளையிலிருந்து மற்றதன் 'இன்' துளைக்கு. அவுட்டை அவுட்டில் செருகிவிட்டு அரைமணி நேரம் தலையைச் சொறிந்தவர்களில் நானும் ஒருவன். மூன்றாவது பெட்டி இருந்து, இரண்டாவதில் 'த்ரூ' துளையும் இருந்தால் அதிலிருந்து எடுங்கள். வந்ததை அப்படியே கடத்துவது அந்தத் துளையின் வேலை.

மூன்றாவது படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். துடிப்பு வேறு, 'தொடங்கு' என்ற கட்டளை வேறு. பாட்டு ஓடும்போது இன்னொரு பெட்டியைப் போட்டால் அதற்குத் துடிப்பு கிடைக்கும், தொடங்கு கட்டளை கிடைக்காது. பேசாமல் நிற்கும், அல்லது கையால் அழுத்தினால் தவறான இடத்தில் நுழையும். எனவே எல்லாப் பெட்டிகளையும் முதலில் போட்டு, தாளத்தைத் தேர்ந்தெடுத்து, கடைசியாகத் தாளக்காரரின் பிளே பொத்தானை மட்டும் அழுத்துங்கள். வோல்காவின் வேகக் குமிழைத் திருப்பிப் பார்த்த மருமகன், "இது வேலை செய்யவில்லை" என்று பதறினான். அதுதான் வெற்றிக்கு அடையாளம். அந்தக் குமிழுக்கு இனி அதிகாரம் இல்லை.

வோல்காவில் 3.5 மில்லிமீட்டர் 'சிங்க்' துளைகளும் உண்டு. அதில் ஓடுவது மிடி அல்ல, வெறும் மின்துடிப்பு; கால் நோட்டுக்கு 2 மட்டும். அனுப்பும் பெட்டி 24 என்ற அமைப்பில் இருந்தால் வோல்கா 12 மடங்கு வேகத்தில் பேய் பிடித்ததுபோல் ஓடும். இதே அளவுத் துளையில் மிடி அனுப்பும் கருவிகளும் இருப்பதால் குழப்பம் கூடுகிறது. அவற்றின் வயரிலும் ஏ, பி என்று இரண்டு வகை. 2018இல் ஏ வகையைப் பொது முறையாக ஏற்றார்கள், ஆனாலும் பழைய கருவிகள் பலவற்றுக்கு பி வகைதான் பொருந்தும். வாங்குமுன் கையேட்டைப் பாருங்கள்.

கணினியும் சேர்ந்தால் யார் தாளக்காரர்? ஒலிப்பதிவுக்குக் கணினி, மேடைக்குப் பெட்டி என்பது என் வழக்கம். மேடை நடுவில் கணினி உறைந்து போனாலும் தாளம் நிற்காது.

யூ.எஸ்.பி வயரைச் செருகியதும் ஸ்பீக்கரில் 'ங்' என்ற இரைச்சல் வந்தால் அந்த ஒரு வயரைக் கழற்றிவிட்டு ஐந்து முனை மிடி வயருக்கு மாறிப் பாருங்கள். அதன் உள்வழியில் கட்டளை ஒளி வழியாகத் தாண்டுவதால் இரண்டு கருவிகளுக்கும் மின்தொடர்பு இல்லை.

எங்களுக்கு இத்தனைக்குப் பிறகும் இடையிடையே தாளம் விட்டது. வயரின் முனையைக் கழற்றிப் பார்த்தால் ஐந்து ஊசிகளில் இரண்டு பச்சை பூத்திருந்தன. கடற்கரை வீட்டு ஜன்னலோரம் கிடந்த வயர், உப்புக் காற்று சும்மா விடுமா? கான்டாக்ட் கிளீனர் அடித்து, நாலைந்து முறை செருகிக் கழற்றியதும் சரியாயிற்று. இப்போது அந்த வயர்கள் மூடி போட்ட பிஸ்கட் டின்னுக்குள் இருக்கின்றன.